துப்பாக்கிச் சாமிக்கு உடைத்த தேங்காய்

பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகும் பஸ் நின்று புறப்படும் ஒரு சின்ன டவுனில்தான் எங்கள் தோட்டத்துச் சனம் சாமான் வாங்கும். அங்கே பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இராணுவ வீரன் ஒருவன் சிலையாக நிற்கிறான். யுத்தத்தில் செத்துப்போன அந்த ஊர்ப் பையன்களின் பெயர்கள் பீடத்தில் சிங்களத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. எட்டு வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. எங்கள் தேயிலை மலைக்குக் காவலிருக்கும் முனியாண்டி அரிவாளோடு நிற்பார். இவர் துப்பாக்கியோடு நின்றார். போதாக்குறைக்கு, வெள்ளைச் சேலை கட்டிய சிங்களப் பெண்மணி ஒருவர் அடிக்கடி வந்து பூ வைத்து, விளக்கேற்றி, கண்ணை மூடி நிற்பார். டவுன் சாமி என்பதால் அரிவாளுக்குப் பதில் துப்பாக்கி கொடுத்திருக்கிறார்கள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

அம்மாவின் ஒரே தம்பியான மாமா அப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். அந்த வருடம் தீபாவளிக்கு வரும் வழியில், இராணுவச் சோதனைச் சாவடியில் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, விசாரணை என்று கொண்டுபோய்விட்டார்கள். அம்மா கும்பிடாத தெய்வமில்லை. கொழுந்து பறிக்கும்போதுகூட அவர் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். என்னிடம் யாரும் விவரம் சொல்லவில்லை. மாமாவைப் பிடித்துப்போய்விட்டார்கள் என்பது மட்டும் காதில் விழுந்தது. யார் பிடித்தார்கள் என்று நானும் கேட்கவில்லை.

அம்மா மண்ணெண்ணெய் வாங்க நின்ற ஒரு நாள், நான் நழுவிப் போய்த் துப்பாக்கிச் சாமியிடம், "மாமா வந்துட்டா தேங்கா ஒடைக்கிறேன் சாமி" என்று வேண்டிக்கொண்டேன். அம்மா விட்டுவைத்திருந்த ஒரே சாமி அவர்தான்.

மழைக்காலம் ஓய்ந்த நேரம் மாமா வந்து சேர்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வாய் ஓயாமல் பேசிச் சிரித்த மனிதர், இப்போது எங்கள் லயத்து வீட்டுக் கதவை யாராவது தட்டினால் சட்டென்று எழுந்து நின்றுவிடுவார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நேர்த்திக்கடன் பாக்கி நிற்கிறதே என்பதுதான் என் கவலை.

அடுத்த தடவை அம்மாவும் மாமாவும் நானுமாக டவுனுக்குப் போனபோது, அம்மா கடையில் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பையிலிருந்த தேங்காயை எடுத்துப் போய்ச் சிலையின் படியில் ஓங்கி அடித்தேன். சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம். பெருமையோடு திரும்பினால், பஸ் நிறுத்தமே என்னை முறைத்துப் பார்த்தது. நமக்குத் தேங்காய் உடைப்பது நன்றிக்கு. சிங்களச் சனங்கள் தீராத பகையென்றால், எதிரி நாசமாகப் போகட்டும் என்று தெய்வத்தின் முன்னால் தேங்காய் அடிப்பார்கள். செத்த பிள்ளைகளுக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை சாபம் போடுகிறது என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை.

ஆட்டோக்காரர் ஒருவர் கத்திக்கொண்டு வந்தார், அவர் பின்னால் இன்னும் சிலர். அம்மா ஓடிவந்து என்னை அணைத்துக்கொண்டு, "என்னாடி செஞ்ச?" என்றார். வீடு வந்த தம்பியைத் திரும்பவும் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம் அவருக்கு. நான் வேண்டுதலைச் சொன்னேன்.

அதற்குள் அந்த வெள்ளைச் சேலைப் பெண்மணி பூத்தட்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பீடத்திலிருந்த பெயர்களில் ஒன்று அவர் மகனுடையதாம். அம்மா தனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சச் சிங்களத்தில், இது சாபமில்லை, தம்பி உயிரோடு வீடு வந்ததற்கு நேர்த்தி என்று திக்கித் திக்கிச் சொன்னார். அதைக் கேட்டு அந்தப் பெண்மணி பூத்தட்டைப் படியில் வைத்தார். பிறகு குனிந்து இரண்டு மூடிகளையும் பொறுக்கினார். ஒன்றை என் கையில் கொடுத்தார். மற்றதைத் தன் மகனின் பெயருக்குக் கீழே, பூவோடு வைத்தார். ஆட்டோக்காரர் திரும்பிப் போனார்.

மாமா மட்டும் அசையவில்லை. ஆட்டோக்காரர் கத்திய சத்தம் கேட்டதுமே, யாரும் சொல்லாமல், சிலைக்கு முன்னால் முழந்தாளிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். மாமா என்னைவிடப் பெரிய பக்தர் என்று நான் பூரித்துப்போனேன்.

அந்தப் பெண்மணி அவரிடம் போனார். "புத்தா" என்றார், மகனே என்று சிங்களத்தில் கூப்பிடுவது அப்படித்தான். தூக்கிய கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார். மாமா அழுதார்.

எனக்கு அந்தப் பெண்மணி மேல் சரியான கோபம். சாமி கும்பிடுகிற மனிதரின் கையை யாராவது பாதியில் இறக்கிவிடுவார்களா?