என் வீட்டுக்காரர் போட்ட குறுக்கெழுத்து

அடுகோடியில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக்கு ஆங்கிலப் பேப்பர் காலை ஆறு மணிக்கு வரும். பொம்மசந்திரா போகும் கம்பெனி பஸ் ஏழே காலுக்கு சிக்னலில் நிற்கும். இடையில் உள்ள ஒன்றே கால் மணி நேரத்தில் நான் இட்லி ஊற்றி, குழம்பு கூட்டி, மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டி, இரண்டரை வயது மகளுக்குக் கஞ்சி ஊட்டி, பேப்பரில் இருந்த குறுக்கெழுத்தையும் போட்டு முடிக்க வேண்டும்.

பேப்பரில் எழுதக் கூடாது என்பது என் கணவர் வைத்த விதி. கட்டங்கள் வெறுமையாக இருந்தால்தான் பஸ்ஸில் எல்லார் எதிரிலும் பேனாவை எடுத்து அவர் நிரப்ப முடியும். அதனால் தினசரிக் காலண்டரில் கிழித்த முந்தைய நாள் தாளின் பின்பக்கம் விடைகளை எண் போட்டு எழுதுவேன். அது அவருடைய சட்டைப்பைக்குள் போய்விடும்.

விடை மட்டும் போதாது. எப்படி வந்தது என்று பஸ்ஸில் கேட்பார்கள். ஆகவே அவர் சாப்பிடும்போது நான் பக்கத்தில் நின்று பாடம் சொல்ல வேண்டும்.

"பூன்னுதானே போட்டிருக்கான்? நீ என்ன ஒரு நதி பேர எழுதி வச்சிருக்கே?"

"பூ இல்லீங்க. 'ஃப்ளவர்'ங்கற வார்த்தைய 'ஃப்ளோ-அர்'னு பிரிச்சா 'ஓடுறது'ன்னும் படிக்கலாம். எது ஓடும்? ஆறு. அடிக்கடி இப்படி ஏமாத்துவாங்க."

"ஓடுறது, ஆறு. சரி. அடுத்தது சொல்லு, பஸ் வந்துடும்."

வேலூரில் பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது கல்லூரி நூலகத்தில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. கல்யாணமான புதிதில் ஒருநாள் விளையாட்டாக அவருக்கு இரண்டு விடை சொல்லி அனுப்பினேன். அதை அவர் பஸ்ஸில் சொல்லியிருக்கிறார். அவருடைய பர்ச்சேஸ் மேனேஜரும் அதே பஸ்ஸில் வருபவர், குறுக்கெழுத்துப் பைத்தியம். மறுநாள் அவரே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாராம். ஒரு மாதத்தில் என் கணவருக்கு பஸ்ஸில் 'குரு' என்று பெயர் வந்துவிட்டது. "வா குரு, ஏழாவது உதைக்குது" என்பார்களாம். சாயங்காலம் வந்து அதையெல்லாம் என்னிடமே சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

அவர் போன பிறகு எனக்குச் சந்தேகம் வரும். பன்னிரண்டாவது சரிதானா? அந்தக் குறிப்புக்கு இன்னொரு விடையும் பொருந்துமோ? குழந்தை தூங்கும்போது அகராதியை எடுத்துப் பார்ப்பேன். ஒருமுறை தப்பாகிவிட்டது. அன்று அவர் செருப்பைக் கழற்றும்போதே, "என் மானத்த வாங்கிட்டே" என்றார். மன்னிப்புக் கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.

மேனேஜரின் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அவருடைய மனைவி எங்கள் பக்கத்திலேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்திவந்தார். பந்தியில் மகளுக்குப் பருப்புச் சாதம் பிசைந்துகொண்டிருந்தபோது என்னிடம் வந்தார்.

"என்னம்மா படிச்சிருக்கீங்க?"

"பி.ஏ. இங்கிலீஷ் மேடம்."

"அட! நாலாங் கிளாஸுக்கு இங்கிலீஷ் மிஸ் இல்லாம நான் தவிச்சிட்டிருக்கேன். வந்துடுங்களேன். பாப்பாவும் நர்சரில உக்காரட்டும்."

குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டாத ஒரு வேலை. இரண்டு வருடமாக நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். வாயைத் திறப்பதற்குள் எதிர் வரிசையிலிருந்து என் கணவரின் குரல் வந்தது.

"ஐயோ மேடம், அவ பட்டம் வாங்கினதோட சரி. தினம் நான் க்ராஸ்வேர்ட் போடறப்ப பக்கத்துலதான் நிப்பா. ஒண்ணு கேட்டா திருதிருன்னு முழிப்பா."

"என்ன குரு, வீட்லயே சிஷ்யை தேறலையா?" என்றார் மேனேஜர். பந்தியே சிரித்தது.

அதோடு என் கணவர் நிறுத்தவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பி, "பூன்னு போட்டிருந்தா என்ன அர்த்தம் சொல்லு பாப்போம்? ஓடுறது. எது ஓடும்? ஆறு!" என்று விரலை ஆட்டினார். நான் சொல்லிக்கொடுத்த அதே வாக்கியம். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆமா மேடம், எனக்கு அவ்வளவா வராது" என்றேன்.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன். "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"நீ அந்தம்மாகூட தினம் பேசினா வாய் சும்மா இருக்குமா? என்னிக்காவது உளறுவே. அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு அந்த பஸ்ல ஏறுறது?"

அவர் சொல்வதும் நியாயம்தானோ என்று தோன்றியது. மேலதிகாரி முன்னால் கணவனைத் தலைகுனிய வைத்துவிட்டு ஒரு வேலை வேண்டுமா? நர்சரியில் குழந்தைக்குச் சளி பிடித்தால்? இப்படிப் பத்து நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு விடை எழுதித் தந்தேன். பதினோராம் நாள் பால் பொங்கி, அடுப்பைத் துடைத்ததில் மூன்று கட்டங்கள் நிரம்பவில்லை. தாளைப் பார்த்தவர், "நாள் பூரா வீட்ல சும்மாதானே இருக்கே, இதக்கூட முடிக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார்.

பஸ் போனதும் பீரோவிலிருந்து சர்டிபிகேட்டை எடுத்தேன். மகளுக்குத் தலை வாரி இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். பாதி வழியில் இரண்டு முறை திரும்பிவிடலாமா என்று நின்றேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் தயங்கினார். "வேலைய இன்னும் யாருக்கும் குடுக்கல. ஆனா உங்க வீட்டுக்காரர் வேற மாதிரி சொன்னாரே?" மேஜைமேல் அன்றைய பேப்பர் இருந்தது. என் பக்கம் தள்ளினார். "இத மட்டும் சொல்லுங்க. எனக்குப் பிடிபடல."

காலையில் நான் போட்டதுதான். பேனாவை எடுத்தேன். வண்டிக்குதிரையைக் குறிக்கும் 'கார்ட்ஹார்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் வாத்தியக் கோஷ்டியைக் குறிக்கும் 'ஆர்கெஸ்ட்ரா' வரும். ஒவ்வோர் எழுத்தாக அடித்துக் காட்டினேன். பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டுக்கும் சொன்னேன். மகள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பரவாயில்லையே! பத்தே நாள்ல குரு நல்லா ட்ரெயின் பண்ணிட்டாரே. அவர்தானே சொல்லிக்குடுத்தார்?"

இல்லை என்றால் என் கணவர் பொய்யர். மாலைக்குள் மேனேஜர் காதுக்குப் போகும், மறுநாள் பஸ் முழுக்கத் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எனக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை.

"ஆமா மேடம். அவர்தான் சொல்லிக்குடுத்தார்."

"திங்கக்கெழம வந்து சேருங்க" என்றார்.

அன்று மாலை நடந்ததைச் சொன்னபோது என் கணவரின் முகம் வெளுத்தது. "அந்தம்மா கேட்டதுக்கு என்ன சொன்னே?" என்று இரண்டு தடவை கேட்டார். சொன்னேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்போ சரி. போயிட்டு வா. காலைல பேப்பர மட்டும் விட்டுடாதே" என்றார்.

வேலைக்குச் சேர்ந்தேன். அந்த அம்மாள் மற்ற டீச்சர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தும்போது, "இவங்க வீட்டுக்காரர் இங்கிலீஷ்ல புலி" என்றுதான் தொடங்குவார். இரண்டாம் வாரம் மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒரு பேப்பர் துண்டோடு என்னிடம் வந்தார்.

"மிஸ், இந்தக் க்ளூவ உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

வாங்கிப் பார்த்ததுமே விடை தெரிந்துவிட்டது. துண்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன் மிஸ்" என்றேன்.