நிலாவுக்கு முக்காடு வெளுப்பவள்

கல்லிரா ஊரில் மாதத்துக்கு மூன்று நாள் நிலா ஏன் வருவதில்லை என்பது பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். நிலாவான மேனாத் தாயின் முக்காடு வெளுக்கப் போயிருக்கிறது. மானமுள்ளவள் முக்காடில்லாமல் வெளியே வருவாளா? மாதம் பூராவும் வானத்துப் புழுதியில் அலைந்து அழுக்கான துணியைக் கோயில் சிலையின் தலையிலிருந்து இறக்கி வெளுத்து, மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் திரும்பப் போர்த்திவிட வேண்டும். அப்புறம்தான் மேற்கே கீற்று தெரியும்.

இருபத்தாறு வருடமாக அந்த வெளுப்பு லிசில்லாவின் கையில். ஊர்த் துணியெல்லாம் அழுக்குப் போகப் பழைய மூத்திரத்தில் ஊறும். அதில் அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. கூச்சப்பட வேண்டியது மூத்திரம் கொடுத்த ஊர். ஆனால் முக்காட்டுக்கு மட்டும் ஊற்றுத் தண்ணீர், தனித் தொட்டி. வேறொரு நூல்கூட அதில் படக்கூடாது.

போன வருடம் கூட வேலை பார்த்த ஆர்க்கிப்பா, வேர்த்துப் போன தலைத்துண்டை அந்தத் தொட்டியில் நனைத்துவிட்டாள். அந்த மாதம் பார்த்து மேகம் மூடி, கீற்று தெரியவில்லை. ஊற்றடியில் பெண்கள் குடத்தோடு நிற்க, லிசில்லா கத்தினாள்: "இவ தலை நாத்தம் தாங்காமத்தான் தாயி வெளிய வரல!"

ஒரே சிரிப்பு. ஆர்க்கிப்பா அன்றைக்கே துறைமுகத்தில் மீன் கழுவப் போய்விட்டாள்.

இந்த மாதம் மூன்றாம் நாள் காலையில் ஊர்த்தலைவர் வீட்டு ஆள் ஒரு மேலங்கியோடு ஓடி வந்தான். மகன் கல்யாணம், மதியத்துக்குள் வேண்டும், மார்பெல்லாம் திராட்சை ரசம். மற்றத் தொட்டியெல்லாம் நிறைந்து கிடந்தன. ஒரு முக்கு முக்கி எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று லிசில்லா அதை முக்காட்டோடு போட்டாள். மேலங்கி புதுச் சிவப்பு. முக்காடு வெளியே வந்தபோது, அறை வாங்கிய கன்னம் மாதிரி இருந்தது.

மூன்று தண்ணீர் மாற்றினாள். வெயிலில் போட்டாள். போகவில்லை.

சாயங்காலம் கோயில் வாசலில் அதை விரித்ததும் பூசாரியம்மா தேயானோ மார்பில் கை வைத்தாள். "யாருடி செஞ்சா இத?"

லிசில்லா வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தில் ஒருத்தி முந்திக்கொண்டாள். "வேற யாரு? அந்த மீன்காரிதான். போன வருசத்துக் கடுப்பு."

"அவதான், அவதான்" என்று நாலு பேர். லிசில்லா கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். இல்லை என்று அவள் சொல்லவில்லை. ஆளனுப்பி ஆர்க்கிப்பாவைக் கூட்டி வரும்வரை, அவ்வளவு நேரமும் சொல்லவில்லை.

ஆர்க்கிப்பா முழங்கை வரை செதிலோடு வந்து நின்றாள்.

"தாயோட துணிய ஏண்டி கெடுத்த?" என்றாள் தேயானோ.

ஆர்க்கிப்பா முக்காட்டைப் பார்த்தாள். பிறகு லிசில்லாவின் மடியைப் பார்த்தாள். "நான் துறைமுகத்துலதாம்மா இருந்தேன். நம்பணும்னா நம்புங்க. ஏற்கெனவே நாறுனவதான நான்?"

அதைக் கேட்டதும் லிசில்லாவுக்குக் காது மடல் எரிந்தது. கையை வெளியே எடுத்து நீட்டினாள். நகக்கண்ணெல்லாம் சிவப்பு.

"நான்தான். கல்யாணத் துணியோட சேத்து முக்கிட்டேன். அவ நனைச்சது துண்டுதான், நான் போட்டது சாயம்." ஆர்க்கிப்பா பக்கம் திரும்பினாள். "போன வருசம் மறைச்சது மேகம். அது அப்பவே எனக்குத் தெரியும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, வேறு துணி இல்லை. தேயானோ பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சிவப்பையே சிலைக்குப் போர்த்தினாள்.

கடல் மேல் கீற்று வந்தது. கொஞ்சம் சிவந்துதான் வந்தது. "ஊருக்கே கல்யாணம்னா தாயிக்கு மட்டும் வேண்டாமா?" என்று எவனோ சொல்ல, கூட்டம் கலைந்தது.

படியிறங்கிய ஆர்க்கிப்பாவின் பின்னால் லிசில்லா ஓடினாள். "நாளைக்கே வந்துருடி. முக்காட்டுத் தொட்டிய நீயே பாத்துக்க. நான் மூத்திரத் தொட்டியோட இருந்துக்கறேன்."

ஆர்க்கிப்பா கையிலிருந்த செதிலைச் சுரண்டிக்கொண்டே யோசித்தாள். கோபமாகக்கூடத் தெரியவில்லை.

"வேணாங்க்கா. மீனு வாயத் தொறந்து யாரையும் ஒண்ணும் சொல்றதில்ல. அங்கயே இருந்துக்கறேன்."