மதினியின் கையைத் தாங்கிய டாக்டரம்மா

எழுபதுகளின் கடைசி. கம்பத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணனுக்குத் திராட்சைத் தோட்டம். மதினி அப்போதுதான் இரண்டாவது பிள்ளைக்குப் பால் மறக்கடித்திருந்தார்.

பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். பால் வற்றிவிட்டது. இடது மார்பில் ஒரு கட்டி மட்டும் கரையவில்லை. பால்கட்டுதான் என்று தெருவே தீர்ப்புச் சொல்ல, நாங்களும் மாதக்கணக்கில் பூவைக் கட்டிக்கொண்டே இருந்தோம். பூக்காரிக்குத்தான் நல்ல யோகம்.

கட்டி பெரிதாவது போலத் தெரிந்ததும் அண்ணனையும் மதினியையும் விடாப்பிடியாகக் கம்பத்து லேடி டாக்டரிடம் கூட்டிப் போனேன். அண்ணன் வெளியே நின்றுகொண்டார்; பெண்பிள்ளை என்பதால் நான் மதினியோடு உள்ளே போனேன்.

ரவிக்கைக்குள் பூ இருப்பதைப் பார்த்து டாக்டரம்மா சிரித்துவிடுவாரோ என்று கூசினேன். அவர் சிரிக்கவில்லை. பூவை எடுத்து ஒரு தட்டில் பத்திரமாக வைத்தார்.

"வலிக்கவே இல்லம்மா. பால்கட்டுன்னுதான் எல்லாரும் சொன்னாக" என்றார் மதினி.

"வலிக்காத கட்டியைத்தான் கட்டாயம் பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா.

மதினிக்கு உடம்பெல்லாம் நடுக்கம். டாக்டரம்மா தன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். இடுப்பில் கை வைக்கச் சொல்லி, பிறகு கையைத் தூக்கச் சொல்லி, இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். படுக்க வைத்து, நன்றாக இருந்த வலது பக்கத்தை முதலில் விரல்களால் வட்டம் வட்டமாகத் தடவிப் பார்த்தார். அதற்குள் மதினியின் நடுக்கம் நின்றுவிட்டது. அதன் பிறகுதான் கட்டியைத் தொட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை பதமான கை.

திரும்ப உட்கார வைத்து, மதினியின் இடது கையைத் தன் கைமேல் தாங்கிக்கொண்டார். "பாரத்தை எல்லாம் என் மேல போட்டுடுங்க" என்றபடி விரல்களை அக்குளுக்குள் மேலே செலுத்தினார். ஓரிடத்தில் விரல் நின்றது. முகம் மட்டும் மாறவில்லை.

"அக்குள்ல நெறி கட்டியிருக்கு. இது பால்கட்டு இல்லம்மா. மதுரை பெரியாஸ்பத்திரிக்கு உடனே போகணும்" என்று மதினியிடமே நேராகச் சொன்னார். பிறகு எங்களோடு வெளியே வந்து அண்ணனிடமும் சொன்னார்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "அங்கன ஆம்பள டாக்டருக இருப்பாகளேம்மா. தோட்டத்துல வேற கொடிய வெட்டிவிடுற கவாத்து நடக்குது."

"கவாத்தை வேற ஆள் பார்க்கலாம். இவங்களைக் காப்பாத்த உங்களை விட்டா யாரு இருக்கா?"

அண்ணன் பதில் சொல்வதற்குள் மதினி சொன்னார்: "யாரு பாத்தாலும் பாக்கட்டும். நான் பிழைக்கணும்."

அந்த வாரமே மதுரையில் ஆபரேஷன் நடந்தது. புற்றுநோய்தான். ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். மதினி பிழைத்துக்கொண்டார்.

கூச்சத்தில் குறுகி நின்ற ஒருத்தியைக் கூச வைக்காமல் தொட்டுப் பார்க்கத் தெரிந்த ஒரு டாக்டர் அன்று கம்பத்தில் இருந்தார். அதனால்தான் என் அண்ணன் பிள்ளைகள் அம்மா என்று கூப்பிட்டால் வீட்டுக்குள்ளிருந்து இன்றும் பதில் வருகிறது.