ஆப்பிளில் போட்ட சர்க்கரை

மோசெல் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் கெர்லின்டேயின் நாக்கை நம்பாதவர் யாரும் இல்லை. இத்தனைக்கும் அவள் பிறந்தது ரொட்டிக் கடைக்காரர் வீட்டில். பிறந்த வீட்டுக்கு ஒரு திராட்சைக் கொடிகூடச் சொந்தமில்லை. இருபத்திரண்டு வயதில் ஆல்பானைக் கட்டிக்கொண்டு வந்தவள், மாமனாரின் நிலவறையில் மூன்று பீப்பாய்களிலிருந்து ஒவ்வொரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "நடுவுல இருக்கறது வேற மலைச்சரிவுத் திராட்சை, இல்லையா மாமா?" என்று கேட்டாள். சரியாகத்தான் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து எந்தப் பீப்பாயைத் திறந்தாலும் கிழவர், "மருமக வந்து சொல்லட்டும்" என்பார்.

வீட்டுக் களஞ்சியத்தில் ஆறு மேசை போட்டு வருஷத்தில் நான்கு மாதம் சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். வாசலில் இலைக்கொத்து தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். சொந்த ஒயின், சொந்தச் சமையல். குளிர் ஊர்த் திராட்சை வெயிலுக்கு ஏங்கி ஏங்கித்தான் பழுக்கும். பழுத்த பிறகும் அதன் புளிப்பு போகாது. அந்தப் புளிப்புக்கு எந்தச் சாப்பாடு இணை, எது பகை என்பது கெர்லின்டேக்கு அத்துப்படி. புகைபோட்ட ட்ரௌட் மீனுக்குச் சரிவின் உச்சியில் விளைந்த, இனிப்பே இல்லாத ஒயின். அதே மீனோடு காரமுள்ளங்கி அரைத்து வைத்தால் லேசாக இனிப்பு தட்டுகிற ஒயின். இலையுதிர் காலத்தில் வெங்காயக் கேக்கோடு இன்னும் நுரைத்துக்கொண்டிருக்கும் புது ஒயின். கேட்காமலே கொண்டுவந்து வைப்பாள். வேறு கேட்பவர்களிடம், "முதல்ல இதைக் குடிச்சுப் பாருங்க, பிடிக்கலைன்னா திட்டுங்க" என்பாள். யாரும் திட்டியதில்லை.

அவளுக்கு ஊரில் ஒரே சிநேகிதி ஓடிலியா. இரண்டு வீடு தள்ளி இருந்தாள். கணவன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபின், மகள் யூடிட்டை வைத்துக்கொண்டு ஊரிலேயே மிகச் செங்குத்தான சரிவில் தனியாகப் பாடுபட்டாள். நிற்கவே கை ஊன்ற வேண்டிய இடம் அது. காலடியில் கற்பலகைச் சில்லுகள் சரசரவென்று வழுக்கும். அந்தக் கல்லில் விளைந்த ஒயினில் ஒரு துளி இனிப்பு கிடையாது. மழை பெய்து ஓய்ந்த பாறையை முகர்ந்தாற்போல இருக்கும். ஆல்பானின் கொடிகள் கீழே, ஆற்றோரத்துச் சமதரையில். அவன் ஒயினும் நல்ல ஒயின்தான். லேசான இனிப்பு, யாரோடும் சண்டை போடாத குணம், அவனைப் போலவே.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மார்ச் மாதம் கொலோன் நகரத்திலிருந்து லோமான் என்ற ஓட்டல்காரர் வந்தார். தன் மூன்று ஓட்டல்களிலும் எல்லா மேசைக்கும் ஒரே ஊர் ஒயினை வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஊரில் பலருடையதைக் குடித்துப் பார்த்து, கடைசியில் இரண்டில் வந்து நின்றார்: ஓடிலியாவுடையது, ஆல்பானுடையது.

"எங்ககிட்ட வர்றவங்க யாரும் வெறும் ஒயினைக் குடிக்கிறதில்லம்மா" என்றார் கெர்லின்டேயிடம். "சாப்பாட்டோடதான் குடிப்பாங்க. அதனால நீங்க சமைங்க. எதை எதோட வைக்கணும்னு நீங்களே பாத்து வைங்க. நான் சாப்பிட்டுட்டு முடிவு சொல்றேன்."

ஓடிலியா அதைக் கேட்டு நிம்மதியாகச் சிரித்தாள். "அவ கையில விட்டாச்சுன்னா எனக்குக் கவலையே இல்ல."

குறித்த நாள் காலை கெர்லின்டே இரண்டு ஒயினையும் சமையலறையில் தனியே ஊற்றிப் பார்த்தாள். எது சிறந்தது என்பதில் அவளுக்கு ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை. ஓடிலியாவின் ஒயினை ட்ரௌட்டோடு வைத்தால் போதும், கதை முடிந்தது. அந்த நேரம் பார்த்து ஆல்பான் வாசற்படியில் வந்து நின்றான். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. பொத்தான் போட முடியவில்லை. தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தான்.

"நல்லா இருக்கா?" என்றான். பிறகு மெதுவாக, "ரெண்டு வருஷமா பனி விழுந்து மொட்டெல்லாம் கருகிப் போச்சு. இந்த ஒரு தடவையாவது எனக்குன்னு ஒண்ணு நடந்தா நல்லாருக்கும், கெர்லி" என்றான்.

அவன் போனபின் அவள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ஆப்பிளைப் பார்த்தாள். மசித்த உருளைக்கிழங்கு, வேகவைத்த புளிப்பு ஆப்பிள், மேலே பன்றி ரத்தம் அடைத்து வறுத்த ரத்தக் குடலும் வெங்காயமும். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு செய்கிற சாப்பாடு. அதில் ஆப்பிள் புளிப்பாகத்தான் இருக்க வேண்டும். கெர்லின்டே சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு கைப்பிடி போட்டாள். கிளறினாள். ருசி பார்த்தாள். இன்னொரு கைப்பிடி போட்டாள்.

மேசையில் முதலில் ட்ரௌட் வந்தது, காரமுள்ளங்கிக் க்ரீமோடு. பக்கத்தில் ஆல்பானின் ஒயின். லோமான் தலையை ஆட்டி ஆட்டிச் சாப்பிட்டார். அடுத்து ஆப்பிளும் ரத்தக் குடலும், ஓடிலியாவின் ஒயினும். உப்பும் வெங்காயமும் அந்த இனிப்பை மறைத்துவிட்டன. நாக்கில் மட்டும் அது தங்கியது. பாயசம் குடித்த வாயில் மோரை ஊற்றினால் என்ன ஆகும்? லோமானின் முகம் சுருங்கியது. இன்னொரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"மன்னிச்சுக்கங்க. எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்ச மாதிரி இருக்கு."

ஆல்பானும் ஓடிலியாவும் அதே மேசையில் அதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடிலியா தன் ஒயினை எடுத்து ஒரு வாய் குடித்தாள். கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுபடியும் குடித்தாள். கெர்லின்டே பரிமாறியதைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்? ஓடிலியா சந்தேகித்தது தன்னைத்தான்.

"ஆமா" என்றாள் கடைசியில். "அப்படித்தான் இருக்கு."

கெர்லின்டே தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆல்பானின் ஒயின் கொலோனுக்குப் போனது. அவன் நிமிர்ந்து நடக்கத் தொடங்கினான். இரண்டாம் குளிர்காலத்தில் ஓடிலியா சரிவிலிருந்த கொடிகளை வேரோடு பிடுங்கிப்போட்டாள். யூடிட் ட்ரியர் நகரத்துக்குப் போய்ப் பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். ஓடிலியா தினமும் பஸ் ஏறி ஓர் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலைக்குப் போனாள். சரிவை முள்செடி மூடியது.

கெர்லின்டே அதன்பின் அந்த ஆப்பிள் சாப்பாட்டைச் செய்யவே இல்லை. யாராவது கேட்டால், "இந்த வருஷம் ஆப்பிள் சரியில்ல" என்பாள். பதினோரு வருஷம் ஆப்பிள் சரியில்லை. ஞாயிறுதோறும் ஓடிலியாவுக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "எதுக்குடி இவ்வளவு? நான் ஒருத்திதானே" என்று ஓடிலியா அலுத்துக்கொள்வாள். அதைக் கேட்டதும் கெர்லின்டே சொல்ல வந்ததைச் சொல்லாமலே கிளம்பிவிடுவாள். ஒருமுறை ஈஸ்டருக்கு முன் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கப் போனாள்.

"ஆப்பிள்ல சர்க்கரை ஜாஸ்தி போட்டுட்டேன், ஃபாதர்."

பாதிரியார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "தெரியாமலா?"

"தெரிஞ்சேதான்."

"சரி, மூணு தடவை மாதா ஜெபம் சொல்லும்மா. அடுத்த தடவை கையை அடக்கிப் போடு."

அதற்குமேல் விளக்க அவளுக்குத் தைரியம் இல்லை. மூன்று ஜெபத்தையும் சொன்னாள். வந்த பாரத்தோடேயே வீடு திரும்பினாள்.

இரண்டாயிரத்து நாலில் ஆல்பான் நிலவறையை வெள்ளையடிப்பதற்காக ஒழித்தபோது, மூலையில் ஓடிலியாவின் பாட்டில்கள் ஐந்து கிடைத்தன. லோமானுக்கு வைத்த விருந்துக்கு ஓடிலியா கொடுத்ததில் மீந்தவை. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்றை விளையாட்டாகத் திறந்தான். மேசையில் ரொட்டியும் புகைபோட்ட ட்ரௌட்டும் இருந்தன. ஒரு வாய் குடித்தவன் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

"இது ஓடிலியாவோடதுதானா? நல்லாப் பாரு."

"அவளோடதுதான்."

"இதையா அன்னிக்கு எலுமிச்சம்பழம்னு சொன்னாங்க? நானும்தானே குடிச்சேன், எனக்கும் அப்படித்தானே இருந்துச்சு." அவன் மறுபடி குடித்தான். "எப்படி கெர்லி?"

அவள் சொல்லிவிட்டாள். சர்க்கரையை, கைப்பிடி எத்தனை என்பதை, காலையிலேயே இரண்டையும் ருசி பார்த்ததை, எல்லாவற்றையும். ஆல்பான் பாட்டிலை மூடித் தள்ளிவைத்தான்.

"அப்போ நான் ஜெயிக்கவே இல்ல."

"உனக்காகத்தான்..."

"நான் கேட்டனா?" என்றான். குரல் உயரவில்லை. "நான் அவளைத் தெருவுல பாக்கிறப்பல்லாம் 'அடுத்த தடவை பாத்துக்கலாம்'னு ஆறுதல் சொன்னவன். போ. போய் அவகிட்டச் சொல்லு. நீ சொல்லலைன்னா நான் சொல்லணும். அவ முன்னாடி போய் நிக்க எனக்கு மூஞ்சி இல்ல."

மறுநாள் காலை அவள் மீனும் ரொட்டியும் பாட்டிலும் எடுத்துக்கொண்டு போனாள். ஓடிலியா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கெர்லின்டே உட்காராமலே சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, ஆல்பானின் கோட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது சாக்காகிவிடும் என்று தோன்றியது.

"ஆப்பிள்லயா?" என்றாள் ஓடிலியா, புரியாதவள்போல.

"ஆமா."

ஓடிலியா கையைத் துடைத்துக்கொண்டு பாட்டிலைத் தானே திறந்தாள். மீனைப் பிட்டு வாயில் போட்டு, குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது கெர்லின்டேயைப் பார்க்கவில்லை.

"ஓட்டல்காரன் வேணாம்னு போனதைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லடி. இன்னொருத்தன் வந்திருப்பான். ஆனா நான் குடிச்சேன் பாரு, என் நாக்கால. என் புருஷனோட என் கையும் செத்துப்போச்சுன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் பீப்பாய்ல எதைக் குடிச்சாலும் புளிப்பாத்தான் தெரிஞ்சுது. யூடிட் அந்தச் சரிவைத் தா, நான் பாத்துக்கறேன்னு கேட்டா. இது வெறும் காடிம்மா, இதுல உன் வயசைக் கொட்டாதேன்னு நான்தான் அவளை அனுப்பிவச்சேன்."

கெர்லின்டே வாய் திறந்தாள். ஓடிலியா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்கிட்ட மன்னிப்புக் கேக்காதே. எனக்கு இப்போ என்ன வரும்னு எனக்கே தெரியல. யூடிட்கிட்டப் போய்ச் சொல்லு. அவளுக்குத் தெரியணும், அவ அம்மா போட்டது காடி இல்லைன்னு."

கெர்லின்டே பஸ் பிடித்து ட்ரியருக்குப் போனாள். யூடிட்டுக்கு முப்பத்திமூன்று வயது. பல் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில் மத்தியான இடைவேளையில் வெள்ளைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தாள். முழுவதையும் கேட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்ததும் கண் கலங்கிவிட்டது.

"அத்தை, நான் அந்தச் சரிவைக் கேட்டது அம்மாவுக்காக. கேக்காம இருந்தா அவங்க மனசு உடைஞ்சிரும்னு. வேணாம்னு அவங்க சொன்ன அன்னிக்கு நான் ரூமுக்குப் போய்க் கட்டில்ல விழுந்து, அப்பாடான்னு இருந்தேன். எனக்கு முட்டி வலி பதினேழு வயசுலேயே. இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு." அவள் கெர்லின்டேயின் கையைப் பிடித்தாள். "அம்மாகிட்ட இதைச் சொல்லிராதீங்க. தயவுசெஞ்சு. அவங்க எனக்காகத்தான் விட்டாங்கன்னு இருக்கட்டும்."

திரும்பும் பஸ்ஸில் ஆறு கூடவே வந்தது. ஒன்றை இறக்கி வைக்கப் போனவள் இன்னொன்றை ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். யூடிட் சந்தோஷமாக இருக்கிறாள் என்பது ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை அனுபவிக்கத் தனக்கு உரிமை இல்லை என்றும் தோன்றியது. கெட்டது செய்தவளுக்குத் தற்செயலாக ஒரு நல்லது விளைந்ததால் செய்தது நல்லதாகிவிடுமா?

ஓடிலியா வாசலிலேயே நின்றிருந்தாள். "என்ன சொன்னா?"

"கேட்டுக்கிட்டா. உன் ஒயின் காடி இல்லைன்னு இப்போ அவளுக்குத் தெரியும்."

"கோவப்பட்டாளா?"

கெர்லின்டே அவள் முகத்தைப் பார்த்தாள். "அழுதா" என்றாள். அதுவும் உண்மைதான்.

ஓடிலியா தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கேக்கைத் திருப்பி அனுப்பினாள். அடுத்த வாரமும் அப்படியே. கெர்லின்டே அனுப்புவதை நிறுத்திக்கொண்டாள். ஆல்பான் அந்த வருஷம் கொலோனுக்கு, இனி எங்கள் ஒயின் வராது, வேறு யாரையாவது பாருங்கள் என்று கடிதம் எழுதிவிட்டான், காரணம் எழுதவில்லை. மனைவியோடு பேசினான், சாப்பிட்டான். ஆனால் தன் பீப்பாயைத் திறக்கும்போது அவளைக் கூப்பிடுவதில்லை.

இரண்டு இலையுதிர் காலம் போனபின், ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஓடிலியா களஞ்சியத்துக்குள் வந்து கடைசி மேசையில் உட்கார்ந்தாள். கெர்லின்டே வெங்காயக் கேக்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் புது ஒயின் ஜாடியை எடுக்கத் திரும்பினாள்.

"நில்லு" என்றாள் ஓடிலியா. "என்னென்ன இருக்குன்னு மட்டும் சொல்லு. நானே பாத்துக்கறேன்."

கெர்லின்டே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஓடிலியா யோசித்து, கேக்குக்குக் கொஞ்சமும் பொருந்தாத பழைய ஒயின் ஒன்றைக் கேட்டாள். கெர்லின்டே ஒரு வார்த்தை சொல்லாமல் அதை எடுத்துவந்து ஊற்றினாள்.