வெற்று விதைகள் ஒட்டிய குழாய்

தீவிலிருந்து பட்டர்வொர்த் போகும் பெர்ரிப் படகில் என் எதிரே உட்கார்ந்திருந்தவர் மாக் மண்டின் வட்டாரத்து மருத்துவக் கருவித் தொழிற்சாலை ஒன்றின் சட்டை போட்டிருந்தார். ஒல்லியான மனிதர். யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணின் வெள்ளையைத்தான் பார்ப்பார் போலிருக்கிறது. என்னையும் அப்படிப் பார்த்துவிட்டு, "மஞ்சள் இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பித்தக்குழாய்ப் புற்றுநோயால் கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடக்கும் அண்ணனைப் பார்த்துவிட்டு, அவர் தொடாத கஞ்சியோடு மருத்துவமனையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். அதை எதிரே இருந்தவரிடம் சொன்னேன்.

அவர் பையிலிருந்து மெல்லிய கம்பிவலைக் குழாய் ஒன்றை எடுத்தார். அதன்மேல் அரிசி போலச் சின்னச் சின்ன விதைகள் ஒட்டியிருந்தன. "பித்தக்குழாய்க்குள்ள வைக்கிறதுக்கா, விதையில ரேடியேஷன் இருக்கும்" என்றார். நான் சட்டென்று நகர்ந்தேன்.

"பயப்படாதீங்கக்கா, இது சாம்பிள்லா. விதைக்குள்ள ரேடியேஷன் மருந்து இல்ல. மருந்து வச்சா, குழாய் அடைப்பத் திறக்கும், விதை பக்கத்துலயே இருந்து கட்டியச் சுடும். வெளிநாட்டுல வாங்குனா நம்மாளுங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதான் இங்கயே மலிவா செஞ்சு பாக்குறோம்."

"எங்கண்ணனுக்குப் போடலாமா தம்பி?"

"இன்னும் சோதனையே முடியலக்கா. அண்ணனுக்குப் பிறகு வர்றவங்களுக்குத்தான்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கஞ்சித் தூக்கை அவரிடம் நீட்டினேன். ஏன் நீட்டினேன்? அவரும் ஏனென்று கேட்காமல், அங்கேயே ஒரு பருக்கை விடாமல் குடித்து முடித்தார்.

இறங்கும்போது நன்றி சொன்னது நான்தான். எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.