அமுதா அக்கா வாங்கிக்கொண்ட மெமோ

அமுதா அக்கா போய்விட்டார். நேற்று சாயங்காலம்... நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

குரோம்பேட்டைப் பக்கம் எங்கள் இன்ஜினியரிங் கல்லூரியில் சிஸ்டம் அட்மின். கேம்பஸில் இருக்கும் அத்தனை கம்ப்யூட்டரும் அவர் பொறுப்பு. எதில் எந்த விண்டோஸ், எதற்கு அப்டேட் வருவது நின்றுவிட்டது, எல்லாம் மனப்பாடம்.

நாங்கள் டீச்சிங் ஸ்டாஃப் அவருக்கு வைத்த பேர் 'அப்டேட் அமுதா'. கிளாஸ் நடுவில் வந்து நின்று, ரீஸ்டார்ட் பண்ணணும் என்பார். எரிச்சலாக இருக்கும். நானும் அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர் காதுபடவே.

நான் கெமிஸ்ட்ரி. என் லேபில் சாம்பிள் டெஸ்ட் செய்யும் ஒரு மெஷின். அதன் சாஃப்ட்வேர் பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். அதற்காகவே ஒரு கிழட்டு கம்ப்யூட்டரை வைத்திருந்தோம்.

அக்கா அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நெட் கேபிளை மட்டும் கழற்றினார். "இதுக்கு அப்டேட் நின்னு ரொம்ப வருஷம் ஆச்சு ப்ரியா. நெட் மட்டும் கொடுத்துடாத, எது வேணா உள்ள வந்துடும்" என்றார்.

கொடுத்தேன்.

சில வருஷத்துக்கு முன்னால், ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரம். ரிசல்ட்டை மெயிலில் அனுப்ப வேண்டும், பென் டிரைவ் தேடச் சோம்பல். ஐந்து நிமிஷம்தானே என்று கேபிளைச் சொருகினேன். கழற்ற மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை எக்ஸாம் செல்லில் ஒரு ஃபைல்கூடத் திறக்கவில்லை. லைப்ரரி, ஆபீஸ்... எல்லா ஸ்கிரீனிலும் பணம் கட்டினால்தான் ஃபைல் திறக்கும் என்று ஒரே மிரட்டல் மெசேஜ். என் லேப் கம்ப்யூட்டர் வழியாக வைரஸ் புகுந்திருந்தது.

மூன்று நாள் அக்கா சர்வர் ரூமிலேயே கிடந்தார். தான் எடுத்து வைத்திருந்த பேக்கப்பிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டார். கடைசி ஒரு வாரத்து இன்டர்னல் மார்க் மட்டும் போனது போனதுதான்.

விசாரணை வைத்தார்கள். அந்தப் பழைய சிஸ்டத்தை முன்பே நிறுத்தாதது தன் தப்பு என்று எழுதிக் கொடுத்தார் அக்கா. மெமோ வந்தது. வாங்கிக்கொண்டார்.

விசாரணை நடந்த ரூமில் நானும் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

கேபிளைச் சொருகியது யார் என்று அவருக்குத் தெரியாது... இத்தனை வருஷமும் என்னை நானே இப்படித்தான் நம்ப வைத்துக்கொண்டிருந்தேன்.

விண்டோஸ் டென்னுக்கும் சப்போர்ட் முடிந்ததிலிருந்து லேப் லேபாக அலைந்துகொண்டிருந்தார். போன வாரம் மாடிப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என்னக்கா ஆச்சு என்றேன். ஒண்ணுமில்ல, நீ போ, கிளாஸுக்கு லேட் ஆகுது பாரு என்றார்.

போய்விட்டேன்.

இன்று கூடுவாஞ்சேரியில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் கணவர். "நீங்க கெமிஸ்ட்ரி ப்ரியாதானே?" என்றார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அந்த மெமோ எனக்கு வந்திருக்க வேண்டியது சார் என்று சொல்லிவிட்டேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்.

"தெரியும்மா. அன்னிக்கே சொன்னா. உங்களுக்கு அப்போ வேலை கன்ஃபர்ம் ஆகலயாம், கைக்குழந்தை வேறயாம். 'எனக்குத் திட்டு விழும், அவ்வளவுதான். அவளுக்கு வேலையே போயிடும்'னா."

தெரிந்தேதான் தினமும் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். சாப்டியா ப்ரியா என்று கேட்டிருக்கிறார்.

கல்லூரியில் இதைப் படிக்கிறவர்களுக்கு... அன்று தப்பு செய்தது நான். அமுதா அக்கா இல்லை. பிரின்சிபாலிடமும் எழுதிக் கொடுக்கப்போகிறேன்.

நாளை காலை பத்து மணிக்கு வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

ஒரு தேங்க்ஸ்கூடச் சொன்னதில்லையே அக்கா உங்களுக்கு...