யாரும் தொடாத பேச்சியம்மாள்

பேச்சியம்மாள் அக்கா தி.நகரில் நாங்கள் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் நின்றாள். நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் பெண்களுக்கு நாற்காலி கிடையாது. புருஷன் போன பிறகு, மேற்கு மாம்பலத்தில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு மகள் தீபிகாவைக் கல்லூரி வரை கொண்டுவந்தாள். வாய் கொஞ்சம் நீளம். "வாங்குற மூஞ்சியா இது, ஏசி காத்துக்கு வந்திருக்கு" என்று என் காதில் சொல்லிவிட்டு, அதே மூஞ்சியைப் பார்த்துச் சிரித்தபடி சேலை சேலையாகப் பிரித்துப் போடுவாள்.

கடையில் ஒரு சட்டம் உண்டு. ஆண் ஊழியரும் பெண் ஊழியரும் பேசக்கூடாது. சேலையைக்கூடக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது, மேஜையில் வைத்துவிட வேண்டும். மீறினால் சீட்டு கிழிந்துவிடும். ஊரிலிருந்து பெண்பிள்ளைகளை நம்பி அனுப்புகிறார்களாம், முதலாளிக்குக் கௌரவம் முக்கியம். முதலுதவிப் பயிற்சி வந்தபோதும் ஆண்களைத்தான் அனுப்பினார்கள். "பொம்பளையெல்லாம் போயிட்டா கவுண்டர யாரு பாக்க?" என்றார் மாடி மேலாளர் சக்திவேல். அவர் பயிற்சிப் பொம்மையின் நெஞ்சை அழுத்தும் போட்டோவை லிஃப்ட் பக்கத்தில் மாட்டினார்கள்.

தீபாவளிக் கூட்டத்தில் ஒரு மதியம், சேலை மடித்துக்கொண்டிருந்த அக்கா அப்படியே சரிந்தாள். கூப்பிட்டேன், உலுக்கினேன், அசைவில்லை. விட்டு விட்டுக் குறட்டை மாதிரி ஒரு சத்தம் மட்டும். யாரோ வலிப்பு என்று சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். சோடா தெளித்தார்கள். "மூச்சு வருதுல்லா" என்றார் சக்திவேல். அது மூச்சில்லை, இதயம் நின்றவர்களுக்கு வரும் வெறும் இழுப்பு என்று பயிற்சியில் அவருக்குச் சொல்லித்தான் இருந்தார்களாம்; எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"நீங்க கத்துக்கிட்டீங்கல்ல சார், அழுத்துங்க" என்று கெஞ்சினேன். குனிந்தார். கை முந்தானை வரை போனது. கூட்டத்தைப் பார்த்தார், மேலே கேமராவைப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார்.

"பொம்பள மேல நான் எப்படி கை வைக்க, கோமளம்? மொதல்ல மறைப்பு கட்டுங்க."

நாங்களும் புத்திகெட்டுப்போய் ஆளுக்கொரு பட்டுச்சேலையை விரித்துப் பிடித்து நின்றோம். மறைப்புக்குள் அக்கா மட்டும் கிடந்தாள். அவர் வெளியிலேயே நின்றார்.

யாரோ போன் போட்டிருந்த 108 நெரிசலில் ஊர்ந்து வந்து சேர்ந்தது. அதில் வந்தவர் சேலைகளை விலக்கி, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து வேகவேகமாக அழுத்தினார். "இவ்ளோ நேரம் யாரும் பண்ணலியா? இதுக்கு இன்னா டாக்டரா வேணும்? பேச்சு மூச்சு இல்லன்னா யார் வேணா அழுத்தலாமே. நாங்க வர்ற வரைக்கும் அழுத்திக்கினு இருந்தா ஒரு வழி இருந்திருக்கும்மா" என்றார். அக்கா ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் பூமாலையோடு வந்தார் சக்திவேல். "கடைசி வரைக்கும் உங்கம்மா மானத்துக்கு ஒரு கொறையும் வராம பாத்துக்கிட்டோம்மா" என்றார், பெரிய தர்மம் செய்த குரலில்.

தீபிகா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கம்மா மானத்த எங்கம்மாவே பாத்துக்குவாங்க சார். நீங்க உயிரோட அனுப்பியிருந்தா போதும்."